வாயிலிலே மறிக்கப்பட்ட வழக்கு

நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்படும் வழக்கு இருவகையாகத் தோற்றுப்போகலாம். சாட்சிகளை விசாரித்து, பத்திரங்களைப் பார்வையிட்டு, இருபக்கத்து வாதங்களையும் கேட்ட பின்னர் நீதிபதி அதனைத் தள்ளிவிடுவது ஒருவகை. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறுமுன்னரே, 'இதில் விசாரிப்பதற்கு யாதுமில்லை' என்று வாயிலிலேயே மறித்துவிடுவது மற்றொரு வகை. முன்னையது எல்லோரும் அறிந்தது. பின்னையது பெரும்பாலும் சட்டம் பயின்றோரிடையே மட்டும் பேசப்படுவது. ஆயினும் அதன் பலாபலனை அனுபவிப்போர் சாதாரண மக்களே. கணவனும் மனைவியும் பிரிந்த பின்னர்ப் பணத்தையும் சொத்தையும் பற்றி எழும் பிணக்குகளில் இத்தகைய மறிப்புக்கு எவ்வளவு இடமுண்டு என்னும் கேள்வி இங்கிலாந்திலே நெடுங்காலம் தெளிவான விடையின்றிக் கிடந்தது. 2015 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் திகதி ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு விடை பகர்ந்தது. அந்த விடையின் வேர் பழையது.

விசாரணையின்றித் தீர்ப்பளிக்கும் முறை குடும்பத்திலே பிறந்ததன்று. வணிகர் தெருவிலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் வணிகரை வருத்திய நோய் ஒன்றிருந்தது. உண்டியலிலே கையொப்பமிட்டுக் கடன்பட்டவன், கடன் இல்லை என்று மறுப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லாதிருந்தும், பொய்யான எதிர்வாதம் ஒன்றைத் தாக்கல் செய்து காலங்கடத்துவான். விசாரணை நாள் வருவதற்குள் அவன் சொத்துக்கள் கைமாறிவிடும். இதனைத் தடுப்பதற்காக 1855 ஆம் ஆண்டில் உண்டியல்கள் பற்றிய சட்டமொன்று நிறைவேறியது. அதன்படி கடன்பட்டவன் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றாலன்றி எதிர்வாதம் செய்தல் இயலாது. பெறானாயின் கடன்கொடுத்தவனுக்கு உடனே தீர்ப்புக் கிடைக்கும். 1873 ஆம், 1875 ஆம் ஆண்டுகளின் நீதிபரிபாலனச் சட்டங்களின் வழியே வந்த விதிகள் இம்முறையை வேறு கடன்களுக்கும் விரித்தன.

எதிராளியின் வீண்வாதத்தை அடக்கிய நீதிமன்றம் வழக்காளியின் வீண்வழக்கையும் அடக்க முற்பட்டது இயல்பே. 1885 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இங்கு எண்ணத்தக்கது. பூலி என்பார் வங்குரோத்தானவர். தம்மை அந்நிலைக்கு ஆளாக்கிய நடவடிக்கை வன்மத்தால் நடந்ததென்று மெற்றோபொலித்தன் வங்கியின்மேல் வழக்குத் தொடுத்தார். வங்குரோத்துத் தீர்ப்பு நீக்கப்படாமல் அப்படியே நிற்கையில், அத்தீர்ப்பைப் பெற்றது தவறு என்னும் வழக்கு எவ்வாறு நிற்கும்? அதனை விசாரணைக்கு விடாமலே தடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு இயல்பாகவே உண்டென்று பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. பிரித்தானியச் சட்டமுறை பரவிய நாடெங்கும் வீண்வழக்கைத் தள்ளும் அதிகாரத்திற்கு இத்தீர்ப்பு ஆதாரமாகக் காட்டப்பட்டு வந்தது.

1999 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இங்கிலாந்தின் சிவில் வழக்கு விதிகள் புதிதாக ஆக்கப்பட்டபோது இவ்வதிகாரம் இரு கிளையாகப் பிரிந்து நின்றது. முதலாவது, வழக்கு எழுதப்பட்ட மனுவைப் பார்த்தமட்டிலே அதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லையாயின் அதனை ஏட்டிலிருந்து வெட்டிவிடுவது. இரண்டாவது, சட்டத்தில் ஆதாரம் இருப்பினும், வெல்லுவதற்கு உண்மையான வாய்ப்பு இல்லையென்று நீதிபதி காணுமிடத்து விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை நூலிழை போன்றதாகத் தோன்றலாம். ஆயினும் பின்னர் ஒரு பெண்ணின் வழக்கு முழுவதும் அந்த நூலிழையிலேயே தொங்கியது.

இனிக் குடும்பத்தின் பக்கம் பார்ப்போமாக. 1857 ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் மணவிலக்கு வேண்டியவர் பாராளுமன்றத்திலே தமக்கென ஒரு தனிச்சட்டம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அது செல்வர்க்கே இயலும். ஏனையோர் திருச்சபை நீதிமன்றத்தை நாடிப் படுக்கையும் உணவும் பிரிந்து வாழும் உத்தரவு பெறலாம். அங்கே மனைவிக்குச் சீவனாம்சமும் விதிக்கப்படும். 1857 ஆம் ஆண்டின் சட்டம் விவாகரத்துக்கெனத் தனி நீதிமன்றத்தை நிறுவியதோடு, மனைவிக்கு ஒரு தொகையைச் சொத்தின்மேல் உறுதிசெய்துவைக்குமாறு கணவனைப் பணிக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்தது. சொத்தில்லாத கணவனிடம் உறுதிசெய்து வைப்பதற்கு என்ன இருக்கும்? அக்குறை 1866 இல் நீக்கப்பட்டு, மாதந்தோறும் வாரந்தோறும் பணம் செலுத்தும் கட்டளைக்கு வழிபிறந்தது.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உண்டியலிலே கடன் இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது. மனைவியின் உரிமை எந்தத் தாளிலும் எண்ணாக எழுதப்படவில்லை. அது நீதிபதி எல்லாவற்றையும் ஆராய்ந்து நியாயமெனக் காணும் அளவே. அளவே தெரியாத ஒன்றை ஆராயாமல் 'இல்லை' என்பது எப்படி? வணிகர் தெருவில் விளைந்த விதி குடும்ப வழக்கிலே எளிதில் வேர்கொள்ளாமைக்குக் காரணம் இதுவே.

1929 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபைக்கு வந்த ஐமன் வழக்கு இதனை இன்னும் அழுத்தமாகக் காட்டியது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ உடன்பட்டு உறுதி எழுதினர். கணவன் கொடுப்பதற்கு மேலாகப் பின்னர் யாதும் கேட்பதில்லையென மனைவி அதிலே ஒப்புக்கொண்டிருந்தாள். அதன் பின்னர், கணவனின் பிறன்மனை ஒழுக்கம் ஒன்றையே காரணமாகக் காட்டி மனைவி விவாகரத்துப் பெறலாம் என 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அவ்வாறே விவாகரத்துப் பெற்றவள் தாபரிப்பு வேண்டி நீதிமன்றத்தை அணுகியபோது, உறுதியைக் காட்டி அவளை வாயிலிலே நிறுத்தக் கணவன் முயன்றான். பிரபுக்கள் சபை இணங்கவில்லை. நீதிமன்றத்தை நாடும் உரிமையை மனைவி தானாகவே எழுதிக்கொடுத்துவிட முடியாது. அது அவளுடைய நன்மைக்கு மட்டுமன்றி, அவள் பொதுமக்களின் பாரமாகிவிடாமற் காக்கும் பொதுநன்மைக்கும் உரியது என்பது அவர்கள் கொண்ட கருத்து.

1970 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இத்துறையை முழுவதும் மாற்றியமைத்தது. அம்மாற்றங்கள் 1973 ஆம் ஆண்டின் விவாக வழக்குகள் சட்டத்திலே ஒன்றுசேர்க்கப்பட்டன. அதன் 25 ஆம் பிரிவு நீதிபதிக்கு ஒரு கடமையை விதிக்கிறது: வழக்கின் எல்லாச் சூழ்நிலைகளையும் அவர் கருத்திற்கொள்ளல் வேண்டும். இருவரதும் வருமானம், சொத்து, தேவை, வயது, மணவாழ்வின் நீளம் முதலியவற்றோடு, குடும்பத்தின் நலனுக்காக ஒவ்வொருவரும் செய்த பங்களிப்பும், வீட்டைப் பேணியதும் பிள்ளைகளை வளர்த்ததும் உட்பட, எண்ணப்படல் வேண்டும். மனைவியின் அடுப்படி உழைப்பு இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்திலே இடம்பெற்றது இவ்வாறே. மற்றுமொன்று: விவாகரத்தின் பின்னர் இத்தனை ஆண்டுக்குள் பணம் கேட்க வேண்டுமென்று அச்சட்டம் எல்லை யாதும் வகுக்கவில்லை. மறுமணம் செய்தவர் புதிதாகக் கேட்க முடியாது என்ற தடை ஒன்று உண்டு, காலத்தடை இல்லை.

ஆயினும் வாயிலை ஓரளவு ஒடுக்கும் முயற்சிகளும் நடந்தன. சட்டத்தரணியின் ஆலோசனையைப் புறக்கணித்து உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட மனைவிக்குக் கீழ்நீதிமன்றம் 760,000 பவுண் அளித்ததை, எட்கார் வழக்கில் 1980 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஐமன் வழக்கின்படி நீதிமன்றத்தை அணுகும் உரிமை அவளுக்கு இருந்தது உண்மையே. ஆனால் அறிந்து செய்த உடன்படிக்கைக்கு மதிப்பில்லாமற் போகாது. 1984 இல், இயன்றவிடத்து இருவரிடையேயும் பண உறவை முற்றாக அறுத்துவிடுவதைக் கருதவேண்டுமென்று பாராளுமன்றமும் சட்டம் செய்தது. 2007 இல் குரொஸ்லி வழக்கு வந்தது. இருவரும் பெருஞ்செல்வர், மணவாழ்வு ஓராண்டுக்குச் சற்றே மேல், பிரிந்தால் அவரவர் சொத்து அவரவர்க்கே என மணத்துக்கு முன்னரே எழுதியிருந்தனர். அந்த உடன்படிக்கை ஏன் வழக்கை முடித்துவிடலாகாது என்பதற்கு மனைவி முதலிற் காரணம் காட்டட்டும் என நீதிமன்றம் பணித்தது. இவ்வழக்குகளிலெல்லாம் கையொப்பமிட்ட தாள் ஒன்றிருந்தது என்பதை மறத்தல் ஆகாது. தாளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு வந்ததே வையட் எதிர் வின்ஸ் என்னும் வழக்கு.

அந்த வழக்கின் கதை எளியது. 1981 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் இளவயதினர் இருவர் மணம் புரிந்தனர். மணமகளுக்கு ஏற்கனவே ஒரு பெண்குழந்தை இருந்தது. அக்குழந்தையும் அக்குடும்பத்துப் பிள்ளையாகவே வளர்ந்தது. 1983 இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. இருவர்க்கும் கையிற் பணமில்லை. அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்ந்தனர். 1984 இல் பிரிந்தனர். கணவர் நாடோடிக் கூட்டத்தாருடன் சேர்ந்து, பழைய வண்டிகளையே வீடாகக் கொண்டு ஊரூராகத் திரிந்தார். மனைவி பிள்ளைகளுடன் வறுமையிற் கிடந்து உழன்றார். பிள்ளைகளின் செலவுக்குத் தந்தையிடமிருந்து வந்தது சொற்பம். கொடுப்பதற்கு அவரிடமும் இல்லை. 1992 இல் விவாகரத்து முடிவானது. பணத்தைப் பற்றி அப்போது கட்டளை ஏதும் பிறந்ததா என்பதைப் பின்னர் ஒருவராலும் நிறுவ முடியவில்லை. நீதிமன்றக் கோப்பின் பெரும்பகுதி கிடைக்காமற் போயிற்று. ஒரு கோப்பைப் பேணாமை இருபது ஆண்டு கழித்து என்ன விலை கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

குன்றின்மேல் நிறுத்திய வண்டியிலே சிறு காற்றாடி ஒன்றைப் பொருத்தி விளக்கெரித்து வாழ்ந்த அந்தக் கணவருக்குக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் எண்ணம் வளர்ந்தது. 1996 ஆம் ஆண்டில் குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலுள்ள நிம்ஸ்பீல்டு என்னுமிடத்தில் அவருடைய முதலாவது பெருங்காற்றாலை சுழலத் தொடங்கியது. எக்கொற்றிசிற்றி என்னும் அவருடைய மின்சார நிறுவனம் பெருகியது. வழக்கு நடந்த காலத்தில் அவருடைய செல்வம் குறைந்தது 57,000,000 பவுண் எனக் கொள்ளப்பட்டது. மகன் பதினெட்டு வயதளவில் தந்தையிடம் சென்று சேர்ந்தான். தாய் குறைந்த வருமானத்துடன் மொன்மத் நகரில் எளிய வீடொன்றில் வாழ்ந்துவந்தார்.

2011 இல் அவ்வம்மையார் நீதிமன்றத்தை நாடினார். கேட்ட தொகை 1,900,000 பவுண். பிரிந்து இருபத்தேழு ஆண்டு. விவாகரத்தாகிப் பத்தொன்பது ஆண்டு. வின்ஸ் வழக்கை வெட்டிவிடுமாறு எதிர்மனுச் செய்தார். அவர் பக்கத்து மனத்தாங்கலை இலேசாகத் தள்ளிவிடல் ஆகாது. இளமையில் இரண்டாண்டு கூடி வாழ்ந்த ஒருவர், தாம் தனித்துத் தேடிய பொருளுக்கு ஒரு தலைமுறை கழித்துப் பங்கு கேட்டு வந்தால் எவருக்கும் திகைப்பே உண்டாகும். மேலும், வழக்கை நடத்தும் செலவை அம்மையார் தாங்க இயலாதவராகையால் அதனையும் அவரே கொடுக்க வேண்டுமெனக் கோரப்பட்டது. 2012 ஆம் ஆண்டு திசம்பரில் முதல் நீதிபதி வழக்கை வெட்ட மறுத்ததோடு, அச்செலவுக்கென 125,000 பவுண் கொடுக்குமாறும் பணித்தார். தம்மேல் தொடுக்கப்பட்ட வழக்குக்குத் தாமே பணங்கொடுக்கும் நிலை அது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனைத் தலைகீழாக்கியது. விவாகரத்தாகிப் பல்லாண்டு சென்றபின் வெற்றிக்கு உண்மையான வாய்ப்பில்லாத கோரிக்கையால் ஒருவர் அலைக்கழிக்கப்படலாகாது என அங்கு கருதப்பட்டது. தீர்ப்பளித்தோரில் ஒருவரான யாக்சன் நீதிபதி, சிவில் வழக்குகளின் செலவு மிகுதியைப் பற்றி முன்னர் பெரும் ஆய்வு நடத்தியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வழக்கு வெட்டப்பட்டது. அம்மையார் பெற்ற செலவுப் பணத்திலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று.

உச்ச நீதிமன்றத்தில் ஐவர் அமர்ந்தனர். அனைவர்க்குமாகத் தீர்ப்பை எழுதியவர் குடும்பச் சட்டத்தில் நெடுங்கால அனுபவமுடைய வில்சன் பிரபு. முன்னர்க் கூறிய நூலிழை வேற்றுமை இங்கேதான் பயன்பட்டது. 2011 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நடைமுறைக்கு வந்த குடும்ப வழக்கு விதிகள் சிவில் விதிகளைப் பார்த்தே எழுதப்பட்டவை. சட்ட ஆதாரமற்ற மனுவையும் நீதிமன்றத்தைத் துர்ப்பிரயோகம் செய்யும் மனுவையும் வெட்டும் அதிகாரத்தை அவை எடுத்துக்கொண்டன. ஆனால் உண்மையான வாய்ப்பில்லாத வழக்கை விசாரணையின்றி முடிக்கும் விதியை அவை எடுத்துக்கொள்ளவில்லை. இது எழுதியோரின் மறதியன்று, வேண்டுமென்றே விட்டது என்றார் வில்சன் பிரபு. எல்லாச் சூழ்நிலைகளையும் கருதுமாறு 25 ஆம் பிரிவு நீதிபதியைப் பணிக்கையில், அவற்றைக் கருதாமலே வாய்ப்பை எடைபோடுவது எங்ஙனம் பொருந்தும்? மறுமணம் செய்தவரின் மனு, முன்னரே முற்றாகத் தீர்க்கப்பட்ட கோரிக்கையின் மனு ஆகியன போலச் சட்டமே ஏற்காதவற்றுக்குத்தான் வெட்டும் அதிகாரம். வையட் அம்மையாரின் மனு அத்தகையதன்று.

இத்தீர்ப்பு அம்மையார்க்குக் கொடுத்ததைவிட மிகைப்படுத்திப் பலர் அந்நாளிற் பேசினர். உண்மையில் வில்சன் பிரபு அவருடைய வழக்கின் குறைகளை ஒளிக்கவில்லை. மணவாழ்வு குறுகியது, வாழ்ந்த நிலை மிகத் தாழ்ந்தது, காலதாமதம் பெரிது, செல்வம் பிரிவுக்குப் பல்லாண்டு கழித்துக் கணவர் தனித்து ஈட்டியது. 1,900,000 என்னும் எண்ணுக்கு இடமில்லை என்பதே தொனி. ஆயினும் தட்டின் மறுபக்கத்தில் ஒரு பொருள் இருந்தது. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை வளர்த்த பாரம் பெரும்பாலும் தாயின் தோளிலே கிடந்தது. பங்களிப்பு என்று சட்டம் சொல்லுவது அதனையும் சேர்த்தே. அதன் நிறையை அதுவரை ஒரு நீதிமன்றமும் நிறுத்துப் பார்க்கவில்லை. கடனற்ற, சற்று வசதியான வீடொன்றை வாங்குவதற்கு ஏற்ற சிறுதொகை கிடைக்கக்கூடும் என்று குறிப்பிட்டு, நீண்ட விசாரணைக்கு விடாமல், இணக்கம் காணும் அமர்வை நோக்கி வழக்கைச் சுருக்கமாக நடத்துமாறு அவர் வழிகாட்டினார்.

சட்டம் எழுதப்பட்ட முறையை நோக்கின் வேறு முடிவுக்கு வருதல் அரிது. ஆயினும் அதன் விலையையும் சொல்லத்தான் வேண்டும். வழக்கு வாயிலைத் தாண்டியமாத்திரத்தே, செல்வர் தமது கணக்குப் புத்தகங்களைத் திறக்க வேண்டும். வறியவரோ கடன்பட்டுச் சட்டத்தரணியை அமர்த்த வேண்டும். விசாரணையின்றித் தள்ளும் அதிகாரம் வலியோர் கையில் மெலியோரை வாய்மூடச் செய்யும் கருவியாகலாம். அது இல்லையாயின், வெறும் தொல்லையையே ஆயுதமாக்கிப் பணம் பறிப்பவர்க்கும் வழி திறக்கலாம். இவ்விரண்டில் எந்த ஆபத்து பெரிதென்பதைத் தனித்தனி வழக்கிலே நீதிபதிகள் தீர்ப்பதிலும், காலஎல்லை ஒன்றை வகுத்துச் சட்டமன்றம் தீர்ப்பது நேரியது.

அவ்வாறு தீர்த்த நாடுகள் உண்டு. தொலைவிற் போகவேண்டியதில்லை, அதே இராச்சியத்தின் வடபகுதியான ஸ்கொத்லாந்தில், 1985 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, பணக்கோரிக்கை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்னரே செய்யப்படல் வேண்டும். வையட் அம்மையார் எல்லைக்கு வடக்கே விவாகரத்துப் பெற்றிருப்பின் 2011 இல் அவருக்கு வழக்கே இராது. அவுஸ்திரேலியாவின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களை எல்லையாக வைத்தது. அதன் பின்னர் வருபவர், மனு மறுக்கப்பட்டால் தமக்கோ பிள்ளைக்கோ இன்னல் நேரும் என்பதைக் காட்டி அனுமதி பெறல் வேண்டும். எனவே அங்கே வாயில் ஒருமுறையாகச் சாத்தப்படுவதில்லை. காவலன் ஒருவன் நிற்கிறான். அந்நாட்டு நீதிமன்றங்கள் விசாரணையின்றித் தள்ளும் அதிகாரத்தை நெடுங்காலம் மிக அருமையாகவே கையாண்டன. 1964 ஆம் ஆண்டில் ஜெனரல் ஸ்ரீல் வழக்கில், வழக்கின் பயனின்மை வெளிப்படையாகத் தெரிந்தாலன்றி அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாதென மேல்நீதிமன்றம் எச்சரித்திருந்தது. 2018 இல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டபோது அளவு இறக்கப்பட்டது: நியாயமான வெற்றி வாய்ப்பு இல்லையாயிற் போதும், வழக்கு முற்றாக நம்பிக்கையற்றதாக இருக்க வேண்டுமென்பதில்லை. இங்கிலாந்தின் குடும்ப விதிகளில் எழுதாது விட்டதாக வில்சன் பிரபு கண்ட அதே அளவுகோலின் நெருங்கிய உறவை, மூன்றாண்டு கழித்து அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் எழுத்திலே வைத்தது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின்னர் வையட் அம்மையாரின் கோரிக்கை விசாரணைக்கு வரவேயில்லை. இருவரும் இணங்கினர். 2016 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொப் நீதிபதி அந்த இணக்கத்துக்கு ஒப்புதலளித்தார். வின்ஸ் கொடுக்க உடன்பட்ட தொகை 300,000 பவுண். கூடி வாழ்ந்த இரண்டாண்டுச் சொச்சத்தின் கணக்கைத் தீர்க்க ஐந்தாண்டு வழக்காட்டம் சென்றது. பிள்ளை வளர்ப்பின் நிறை எவ்வளவு என்பதை, அந்த ஐந்தாண்டில் எந்த நீதிபதியும் எண்ணாக எழுதவில்லை.